கரையில் ஆட்களை எண்ணுவது யார்?

பிரித்தானியாவில் படித்த மூன்று வருஷமும் நான் பல்கலைக்கழகத்தின் பாய்ப்படகுக் கிளப்பில் இருந்தேன். ஊருக்கு வந்து இதைச் சொன்னால், "காசைக் கட்டிப் படிக்க விட்டா நீ வள்ளம் ஓட்டப் போனியோ?" என்று அம்மம்மா கேட்பா. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் கடைசி வருஷம் நான் அந்தக் கிளப்பின் வெல்ஃபெயார் ஒபிசர் என்று சொன்னால், நண்பர்கள் "அப்பிடியெண்டா என்ன?" என்பார்கள். அதற்குப் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமானது.

அங்கே பல்கலைக்கழக விளையாட்டுக் கிளப்புகளை நடத்துவது மாணவர்கள்தான். தலைவர், கப்டன், பொருளாளர், பார்ட்டிகளை ஒழுங்குசெய்ய ஒருவர் என்று எல்லாருமே இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். எங்கள் கிளப்பில் வெல்ஃபெயார் பதவி அந்தப் பட்டியலில் கடைசியாகச் சேர்ந்தது. வேறு ஒருவரும் போட்டியிடாதபடியால் எனக்குக் கிடைத்தது. சோதனை நேரத்தில் எல்லாருக்கும் பிஸ்கட் வாங்கி வைக்கிற வேலை என்றுதான் பலர் நினைத்திருந்தார்கள்.

முதலில் தண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டும். அங்கே பல்கலைக்கழகங்கள் போட்டிக்கு அதிகம் ஓட்டுவது ஃபயர்ஃபிளை என்ற 12 அடிப் படகு. அதில் இரண்டு பேர். பின்னால் இருப்பவர் சுக்கானைப் பிடிப்பார். முன்னால் இருப்பவர் சின்னப் பாயையும் படகு சரிவதையும் பார்த்துக்கொள்வார். ஒரு அணிக்கு மூன்று படகு, எதிரணிக்கு மூன்று. முதலாவதாக வந்தால் 1 புள்ளி, கடைசி என்றால் 6. உன் மூன்று படகின் கூட்டுத்தொகை 10 அல்லது அதற்குக் கீழே என்றால் வெற்றி. அதனால் முன்னுக்கு நிற்கிறவர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, எதிரணிப் படகை மறித்து, பின்னால் கிடந்து இழுபடுகிற தன்ர ஆளை முன்னே விடுவார். எனக்கு இந்த விளையாட்டில் சரியாகப் பிடித்ததே அதுதான்.

பாதுகாப்பில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிதவைச் சட்டை போடாமல் ஒருவரும் இறங்க முடியாது. பாதுகாப்புக்கு நிற்கும் எஞ்சின் படகை ஓட்டுகிறவரின் காலில் சிவப்புச் சுருள் கயிறு ஒன்று கட்டியிருக்கும். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். குளிர்த் தண்ணியில் விழுந்தால் முதல் ஒன்றரை நிமிடம் மூச்சு எங்களுடைய சொல்லைக் கேளாது, அந்த நேரம் நீந்த வெளிக்கிடாமல் சும்மா மித என்று முதல் நாளே சொல்லித் தருவார்கள். (கடலுக்குப் பக்கத்தில் வளர்ந்தும் நீந்தத் தெரியாமல் போன ஆள் நான். முதல் இரண்டு மாதம் நீச்சல் தடாகத்திலேயே போனது.)

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு பலகை. அதில் எண் எழுதிய பிளாஸ்ரிக் வில்லைகள் தொங்கும். இறங்கும்போது உன் எண்ணை எடுத்துக்கொண்டு போகவேண்டும், திரும்பி வந்து மாட்டவேண்டும். ஒரு எண் குறைந்தாலும் பாதுகாப்புப் படகு கரையேறாது. கெட்டிக்காரன், பழைய கப்டன் என்ற விலக்கு ஒருவருக்கும் இல்லை. காணாமல் போனவர் கத்திக் கூப்பிட்டால்தான் தேடுவது என்றும் இல்லை. பலகை வெறுமையாக இருந்தால் அதுவே போதும்.

அதே ஆட்கள் கரைக்கு வந்து உடுப்பு மாற்றினதும் இந்தக் கணக்கு முடிந்துவிடும்.

வெளியூர்ப் போட்டிகளுக்குப் போனால் அந்தப் பல்கலைக்கழக மாணவர்களின் வீடுகளில், நிலத்தில், கிடைத்த இடத்தில் படுப்போம். உடுப்பு மாற்றுவது கார்த் தரிப்பிடத்தில், வானுக்குப் பின்னால். இரவு எல்லாரும் ரவுணுக்குப் போய்க் குடிப்பார்கள். குடிக்காத ஆட்களுக்கு அந்தக் கிளப்பில் பாதி நாள் கதைக்க ஆள் இல்லை. நவம்பரில் ஒரு போட்டியில், காலை ஒன்பதுக்குப் படகுச் சோடிகளை வாசிக்கும்போதுதான் முதல்வருடப் பெடியன் ஒருத்தனைக் காணவில்லை என்று தெரியவந்தது. போனில் சார்ஜ் இல்லாமல், தங்கின வீடு எது என்று தெரியாமல், இரவு முழுக்க பஸ் நிலையத்தில் இருந்திருக்கிறான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நியூகாசிலில் 2016 டிசம்பரில், ஒரு மாணவர் கழகத்தின் 'வரவேற்பு' இரவில் குடித்த இருபது வயது மாணவன் இறந்துபோனதை அங்கே தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தும் சிரித்தார்கள்.

எங்களுக்கு இது புதிய கதை இல்லை. பேராதனையில் 1997இல் வரப்பிரகாஷ் இறந்தார். அடுத்த வருஷம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கம்பஸ் கிடைத்த பிள்ளைக்கு முதலில் கிடைக்கிற புத்திமதி "அண்ணாமாரோட பிரச்சினைப்படாத" என்பதுதான். அங்கே அண்ணா, அக்கா என்ற சொல் இல்லை. ஆனால் அணியில் யார் ஓடுவது என்று தீர்மானிக்கிற மூன்றாம் வருடக்காரன் இருக்கிறான்.

படகில் கத்துவது பிழையில்லை. காற்று மாறினால் பாயின் கீழ்க்கட்டை மறுபக்கம் பாயும். அப்போது "தலையைக் குனி!" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருக்க ஏலாது. அந்தக் கத்தல் கரைக்கும் வரும்போதுதான் சிக்கல். சாப்பிடும்போதும், வட்ஸ்அப்பிலும், மற்றவர்களுக்கு முன்னாலும் அதே குரல். முன்னால் இருக்கிற பிள்ளைக்கு எது விளையாட்டு, எது அவமானம் என்று பிரிக்கத் தெரியாமல் போய்விடும்.

மாசி மாதம் ஒரு பின்னேரம், பாய்களை மடித்துக்கொண்டிருக்கும்போது முதல்வருடப் பிள்ளை ஒன்று என்னிடம் வந்தாள். "வெல்ஃபெயார் ஆளா இல்ல, ஃபிரண்டா சொல்லுறன். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொல்லு" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் சொன்னாள். எங்களுக்கு ஒரு அரைநாள் பயிற்சி தந்திருந்தார்கள். அதில் எனக்கு மனதில் நின்றது ஒன்றுதான்: இரகசியம் காப்பேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதே. நான் சொன்னேன், "கேக்கிறன். ஆனா உனக்கு ஆபத்து எண்டு தெரிஞ்சா பெரியாக்கள் ஒருத்தருக்குச் சொல்லவேண்டி வரும். ஆருக்கு எண்டதை முதல்ல உனக்குச் சொல்லிப்போட்டுத்தான் சொல்லுவன்." அவள் பாயை மடித்து முடித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒன்பது நாளைக்குப் பிறகு திரும்பி வந்தாள். அவளுடைய படகில் சுக்கான் பிடிக்கிறவன் இரவில் செய்தி அனுப்புகிறான். பதில் போடாவிட்டால் அடுத்த பயிற்சியில் அவளை வேறு படகுக்கு மாற்றுகிறான். ஒருமுறை வெளியூரில் அவள் படுத்திருந்த அறைக்கு வந்து நின்றிருக்கிறான். அணியைத் தெரிவுசெய்கிற மூவரில் அவனும் ஒருவன்.

அவள் சொன்னதை அவளுடைய சொற்களிலேயே எழுதினேன். அவனிடம் போய் விசாரிக்கவில்லை. அது என் வேலை இல்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுகிற ஒரு கிளப்பில் இருபத்தொரு வயது ஆள் நீதவான் ஆகக் கூடாது. மாணவர் சங்கத்தில் சம்பளத்துக்கு வேலை செய்கிற பொறுப்பாளரிடம் அவளோடு சேர்ந்து போனேன். கப்டனுக்கு எப்படியோ மணம் பிடித்துவிட்டது. "அவன் நல்லவன். குடிச்சா கொஞ்சம் அப்பிடி. உள்ளுக்குள்ள கதைச்சுத் தீர்த்திருக்கலாமே" என்றான். ஊரில் எத்தனையோ தடவை கேட்ட வசனம் இங்கிலீஷில் வந்தபோது எனக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்தது. அந்த 'உள்ளுக்குள்ள' என்ற இடத்தில் இருந்தது அவனும் அவனுடைய ஐந்து நண்பர்களும்தான்.

அவனைத் தெரிவுக்குழுவிலிருந்து எடுத்தார்கள். வெளியூர்ப் பயணங்களுக்குத் தடை போட்டார்கள். கிளப்பை விட்டு அனுப்பவில்லை. அது போதாது என்று நான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். அவள் சித்திரை மட்டும் வரவில்லை. பிறகு வந்தாள், வேறு படகில்.

அந்த வருஷம் முடிவதற்குள் சில காரியங்களைச் செய்யமுடிந்தது. வெளியூர் போனால் யார் எந்த வீட்டில், எந்த அறையில் என்று புறப்படுமுன்பே எழுதி எல்லாருக்கும் அனுப்புவது. ஆண், பெண் தங்குமிடம் கேட்டு ஒதுக்குவது. இரவு வெளியே போனால் குடிக்காத இரண்டு பேர், அவர்களிடம் ஒரு பெயர்ப்பட்டியல், எல்லாரும் வீட்டுக்குள் வந்த பிறகுதான் அவர்கள் படுப்பது. வில்லைப் பலகையின் கரைப் பதிப்பு என்று நான் சொன்னபோது ஒருத்தருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அணித் தெரிவைக் காரணத்தோடு எழுதி ஒட்டவேண்டும் என்றதற்குத்தான் பெரிய சண்டை. மூன்று கூட்டம் போனது. கிளப்புக்கு வெளியே முறையிட ஒரு ஆளின் பெயரும் இலக்கமும் மாற்றும் அறைக் கதவில் உள்பக்கமாக ஒட்டப்பட்டது. வெளிப்பக்கம் ஒட்டினால் நின்று வாசிக்கிறவரை மற்றவர்கள் பார்ப்பார்கள்.

பதவியை அடுத்தவனிடம் கொடுக்கும்போது ஒரு கோப்பும் கொடுத்தேன். அதில் தேதி, எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, பதில் வந்ததா என்பது மட்டும். பெயர்கள் சங்க அலுவலகத்தில் பூட்டிய இடத்தில் இருக்கின்றன. அவன் நல்ல பெடியன், பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தான். "மாசியில ஒண்டு இருக்கே, அது ஆர்?" என்று கேட்டான். அலுவலகத் தொலைபேசி இலக்கம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டினேன்.