ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியுது?

சென்னையில் வீடு தேடிக்கொண்டிருக்கும் பேத்தி, போன வாரம் மூன்று வீடுகளின் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். முதல் வீடு பதினோராவது மாடி, கீழே ஜிம் இருக்கிறதாம். இரண்டாவதில் நீச்சல் குளம். மூன்றாவது பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, வாடகை மட்டும் குறைவு. "எதை எடுக்கட்டும் அம்மாச்சி?" என்று கேட்டாள். நான் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஜன்னலைத் திறந்தா வெளியே என்ன தெரியுது தாயி?"

"அதை யாரு பார்த்தா!" என்று சிரித்துவிட்டாள்.

தண்ணீர் எப்படி, கார் நிறுத்த இடம் உண்டா, ஆபீஸுக்கு எவ்வளவு தூரம் என்றெல்லாம் துருவித் துருவி விசாரிக்கிற பிள்ளைகள் இந்த ஒரு கேள்வியை விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் அவளுக்கும் அவள் வயதுக்காரர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் முப்பத்திரண்டு வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள். அதில் பாதிக்கு மேல் பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் கழிந்தது. ஊசி போடவும் புண் கட்டவும் பாடப் புத்தகத்தில் படித்தேன். ஜன்னலைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவர்கள் நோயாளிகள்.

எங்கள் வார்டு நீளமான கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். மேற்கு ஜன்னல்களுக்கு வெளியே முற்றம், அதில் ஒரு பெரிய வேப்பமரம், பக்கத்தில் இரண்டு புங்கை. கிழக்கு ஜன்னலைத் திறந்தால் எக்ஸ்ரே கட்டடத்தின் பின்சுவர். மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து கறுத்துப்போன சுவர். புதிதாக அட்மிட் ஆகிற யாரும் எந்தக் கட்டில் என்று முதல் நாள் கவலைப்பட மாட்டார்கள். மூன்றாம் நாள், கூட இருக்கும் மகளோ தங்கச்சியோ மெதுவாக வந்து நிற்பார்கள். "சிஸ்டர், மரத்துப் பக்கம் பெட் காலியானா சொல்றீங்களா?" காற்றுக்காகக் கேட்கிறார்கள் என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன். தையல் சுத்தமாக இருந்தது, காய்ச்சல் இல்லை, ஆனால் ஆள் எழுந்திருக்கவில்லை. கறுப்புச் சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்தவர் இரண்டு நாளாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கஞ்சி அப்படியே ஆறிக் கிடக்கும். "நடங்கம்மா, நடந்தாத்தான் காத்துப் பிரியும், பசி எடுக்கும்" என்று நானும் கெஞ்சிப் பார்த்தேன், ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அதட்டியும் பார்த்தார். மூன்றாம் நாள் மேற்குப் பக்கம் ஒரு கட்டில் காலியானது. ஆயாம்மாவும் நானுமாக அவரை அங்கே மாற்றினோம்.

மறுநாள் காலை டியூட்டிக்குப் போனபோது கட்டிலில் ஆள் இல்லை. வயிற்றை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "நர்ஸம்மா, வேம்பு பூத்துருச்சே. பங்குனி பொறந்துருச்சா?" என்றார். பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. "எங்க வீட்டு வாசல்ல பூவா உதிர்ந்து கெடக்கும். யாரு பொறுக்குறாளோ, என்னமோ." வருஷப் பிறப்புக்குள் வேப்பம்பூ சேர்த்து வைக்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. அன்றைக்குக் கஞ்சி மிச்சமில்லை. அதற்கப்புறம் நடக்கச் சொல்லி நான் ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை. காலையும் சாயங்காலமும் அவரே எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவார்.

படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், குடல் வேலைக்குத் திரும்பத் தாமதமாகும். அதனால்தான் ஆபரேஷன் ஆனவர்களை நடக்கச் சொல்லி நர்ஸுகள் விரட்டுகிறோம். எங்கள் விரட்டலுக்கு மசியாத அந்த அம்மா, எழுந்து போய்ப் பார்க்க வெளியே ஒன்று இருந்ததும் எழுந்துவிட்டார்.

சில வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றிச் சொன்னார்கள். 1984-இல் 'சயின்ஸ்' இதழில் அவருடைய கட்டுரை வந்தது. பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி, வயது, ஆணா பெண்ணா, உடல் எடை, புகைப் பழக்கம் போன்றவற்றில் ஒத்துப்போகிறவர்களை ஜோடி சேர்த்திருக்கிறார். 23 ஜோடி, 46 பேர். ஜோடியில் ஒருவருடைய ஜன்னலில் மரங்கள் தெரியும். மற்றவருடைய ஜன்னலில் பழுப்பு நிறச் செங்கல் சுவர். கிளைகளில் இலை இருக்க வேண்டும் என்பதற்காக மே முதல் அக்டோபர் வரை படுத்திருந்தவர்களை மட்டுமே கணக்கில் எடுத்தார். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினார்கள். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. வீரியமான வலி மருந்தும் மரத்துப் பக்கத்தில் குறைவாகவே தேவைப்பட்டது.

என்னை உலுக்கியது வேறொன்று. நர்ஸுகள் எழுதி வைத்த குறிப்புகளையும் அவர் எண்ணியிருக்கிறார். அழுகிறார், மனம் தளர்ந்திருக்கிறார் என்கிற மாதிரிக் குறிப்புகள் சுவர்ப் பக்கத்தில் ஒருவருக்குச் சராசரி 3.96, மரத்துப் பக்கத்தில் 1.13. நைட் டியூட்டி முடிகிற நேரத்தில், கண் சொருக, நாங்கள் எழுதி வைக்கிற அந்த ஒரு வரி! அதை யாரும் திரும்பிப் படிப்பதில்லை என்று நினைத்திருந்தேன். 46 பேர் என்பது சின்னக் கணக்குதான், அதை மட்டும் வைத்து அறுதியிட்டு எதுவும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த எண்களைக் கேட்டபோது எங்கள் வார்டின் இரண்டு பக்கமும் என் கண்முன்னால் வந்து நின்றன.

நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்பு அந்த வேப்பமரத்தை வெட்டினார்கள். வண்டி நிறுத்த ஷெட் வேண்டும் என்று முடிவாகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரம்பச் சத்தம் கேட்கத் தொடங்கியது, மதியச் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பொழுது சாயும்வரை காக்கைகள் முற்றத்துக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தன. மேற்குக் கட்டில்காரர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருத்தி மட்டும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வெட்டப்போகிறார்கள் என்று ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும். வார்டில் மூத்தவள் நான். ஷெட்டைப் பத்தடி தள்ளிப் போடலாமே என்று ஒரு மனு எழுதியிருக்கலாம், நாலு பேரிடம் கையெழுத்து வாங்கியிருக்கலாம். எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன். வேலைக் காலத்தில் நான் செய்த தவறுகளில் இன்றைக்கும் உறுத்துவது இதுதான்.

அந்தச் சித்திரையில் இரண்டு மணிக்கு மேல் மேற்குப் பக்கம் நிற்க முடியவில்லை. கட்டில் கம்பி கையைச் சுட்டது. பழைய பெட்ஷீட்டை நனைத்து ஜன்னலில் தொங்கவிட்டோம். இப்போது சொந்தக்காரர்கள் வந்து கேட்டது, "சுவத்துப் பக்கம் பெட் காலியானா சொல்லுங்க சிஸ்டர்."

பிற்பாடு பெங்களூரில் ஹரிணி நாகேந்திரா குழுவினர் தெருமரங்களை அளந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். மரமில்லாத இடத்தைவிட மரமுள்ள தெருவில் காற்றின் வெப்பம் 5.6 டிகிரி வரை குறைந்திருந்தது. சாலையின் மேற்பரப்பு வெப்பத்தில் 27.5 டிகிரி வரை வித்தியாசம். மரம் வெயிலை மறிப்பதோடு நிற்பதில்லை, வேர் உறிஞ்சிய தண்ணீரை இலை வழியே ஆவியாக்கி, சுற்றியிருக்கும் சூட்டையும் எடுத்துக்கொள்கிறது. வெயில் ஏறினால் உடம்பைக் குளிர்விக்க இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். வயசானவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அந்த உழைப்புத்தான் ஆபத்து. எங்கள் மேற்குப் பக்கத்து மரம் யாரும் சம்பளம் கொடுக்காமலே அந்த வேலையைப் பார்த்திருக்கிறது.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய அளவில் ஒன்று நடந்தது. ஆஷ் என்ற மரத்தைத் துளைத்துக் கொல்லும் ஒரு பச்சை வண்டை 2002-இல் மிஷிகன் மாநிலத்தில் கண்டுபிடித்தார்கள். தெருத் தெருவாக மரங்கள் பட்டுப்போயின. 15 மாநிலங்களின் இறப்புக் கணக்கை வைத்து 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. வண்டு பரவிய பகுதிகளில் இதய நோயிலும் மூச்சு நோயிலும் சுமார் 21,000 இறப்புகள் கூடுதல் என்று அது மதிப்பிட்டது. மரம் போனதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வருமானம், படிப்பு போன்ற வித்தியாசங்களை எல்லாம் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு விலகவில்லை. வெட்டுவதற்கு ஒரு வாரம் முன்பு இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்த மனுவை எழுதியிருப்பேனோ?

ஓய்வு பெற்ற அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் காலமானார். எனக்குச் சர்க்கரை கூடியது, தூக்கம் போனது. மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடந்தேன். பத்து நாளில் விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டம்மாதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாக என்னை காந்தி மியூசியத்துக்குக் கூட்டிப் போனார். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையாக இருந்த இடம் அது. அங்கே மரங்களுக்கு அடியில் நடந்தபோது நேரம் போனது தெரியவில்லை. உட்கார நிழல் இருந்ததால் உட்கார்ந்தோம், உட்கார்ந்ததால் பேசினோம். ஒரு மாதத்தில் ஆறு பேரின் வீட்டுக் கதை எனக்குத் தெரியும், என் கதை அவர்களுக்குத் தெரியும். துக்கம் போய்விடவில்லை. ஆனால் ராத்திரி தூங்கினேன். இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் கேட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிஷமாவது பசுமையான இடங்களில் கழிப்பவர்கள் உடம்பும் மனசும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரே தடவையில் போனாலும் பிரித்துப் பிரித்துப் போனாலும் பலன் ஒன்றுதான். நான் மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரத்தைக் காட்டி மருந்தை நிறுத்தச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

இனி உனக்கே சொல்கிறேன் தாயி. நீ பத்து மணி நேரம் திரையைப் பார்க்கிறாய். சாயங்காலம் எரிச்சலாக இருக்கிறது, சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வருகிறது என்கிறாய். ரேச்சல் கப்லான், ஸ்டீஃபன் கப்லான் என்று ஒரு தம்பதி இதை ஆராய்ந்திருக்கிறார்கள். பிடித்து இழுத்து வைக்கிற கவனம் களைத்துப்போகுமாம். அசையும் இலை, ஓடும் அணில் மாதிரித் தானாகவே கண் போய் அமர்கிற காட்சியில் அது ஓய்வெடுத்துக்கொள்ளுமாம். ஃபோனைப் பார்ப்பது அந்த ஓய்வைத் தராது. ஐந்து நிமிஷம் ஜன்னலில் நின்று பார், அப்புறம் சொல்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகப்போகிற உன் பிள்ளையின் கண்ணையும் நினைத்துக்கொள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிஷம் வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு. காரணம் பகல் வெளிச்சம் என்கிறார்கள். மர நிழலில்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. நம் ஊர் வெயிலில் பிள்ளையை வெளியே விட வேண்டுமென்றால் நிழல் இல்லாமல் எப்படி விடுவாய்?

நேற்று மறுபடியும் ஒரு படம் அனுப்பியிருந்தாய். லிஃப்ட் இல்லாத அந்த மூன்றாவது வீட்டின் ஜன்னல். அகல அகலமான இலை, குடை அடுக்கினாற்போலக் கிளை. "இது என்ன மரம் அம்மாச்சி?"

நாட்டு வாதாம். இலை சிவந்து மொத்தமாகக் கொட்டும், பட்டுப்போச்சோ என்று பயந்துவிடாதே, மறுபடி துளிர்க்கும். குப்பை விழுகிறது என்று வெட்டச் சொல்லி அசோசியேஷன் கூட்டத்தில் யாராவது பேசுவார்கள். அன்றைக்கு நீ போயிருக்க வேண்டும், வாயைத் திறக்கவும் வேண்டும். அடிமரத்தைச் சுற்றி சிமெண்ட் பூசியிருந்தால் மூன்றடிக்காவது உடைத்து மண் தெரிய விடச் சொல். விளம்பரப் பலகை ஆணி இருந்தால் பிடுங்கு.

அப்படியே காம்பவுண்டு ஓரம், கட்டடத்திலிருந்து இருபது அடி தள்ளி, வெறும் மண் இருக்கிற இடம் உண்டா என்று பார்த்து வை. வேப்பங்கொட்டைக்கு உயிர் சில வாரம்தான், விழுந்ததும் ஊன்றிவிட வேண்டும். ஆனியில் பொறுக்கிய கொட்டை ஒன்று பால் கவரில் முளைத்து ஒரு சாண் வளர்ந்திருக்கிறது. நட்டுவிட்டு வருவது பெரிய காரியமில்லை, இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். கர்நாடகத்தில் பிள்ளையில்லாத திம்மக்காவும் அவர் கணவரும் குடத்தில் தண்ணீர் சுமந்தே ஹுளிகல் சாலையில் நூற்றுக்கணக்கான ஆலமரங்களை ஆளாக்கினார்கள். உன் வீட்டில் பைப்பே இருக்கிறது.

ஐப்பசி மழை பிடித்ததும் கன்றை மடியில் வைத்துக்கொண்டு வைகை எக்ஸ்பிரஸில் வருகிறேன். குழியை மட்டும் முன்கூட்டியே வெட்டி வை.