தடையை வென்ற தாய்மொழி

என் தந்தையாரின் நூலடுக்கில் மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் வரிசையாக இருக்கும். அவற்றைப் படித்து வளர்ந்த எனக்குச் சோவியத் நாட்டு எழுத்தாளர் அனைவரும் ருஷ்யரே. 2022இல் ருஷ்யப் படை உக்ரைனுள் புகுந்தபொழுது, "ஐயா, உக்ரைனியர் தனி இனத்தவரா?" என ஒப்பிலக்கிய வகுப்பில் மாணவி ஒருத்தி வினவினாள். "இரண்டும் ஒன்றுதான், அம்மா" எனக் கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவ்விடை பிழையென எனக்கு உணர்த்தியவர் கவிஞர் தாராஸ் ஷெவ்சென்கோ.

1814இல் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஓவியர் பிரியுலோவ் தீட்டிய படமொன்றைக் குலுக்கலில் விட்டுத் திரட்டிய 2,500 ரூபிள் அவருக்கு 1838இல் விடுதலை வாங்கித் தந்தது. 1840இல் 'கொப்ஸார்' வெளிவந்தது. யாழ் போன்ற கருவியை மீட்டி ஊர்தோறும் பாடும் பாணனை அச்சொல் குறிக்கும். உக்ரைனிய மொழியில் 1798இலேயே கொத்லியாரெவ்ஸ்கி எள்ளல் காப்பியம் வெளியிட்டிருந்தார். உழவர் பேச்சென இகழப்பட்ட அம்மொழி ஓர் இனத்தின் துயரையும் சினத்தையும் தாங்கவல்லது என நிறுவியவர் ஷெவ்சென்கோவே.

1845இல் அவர் பாடிய 'காக்கசஸ்' என்னும் கவிதையின் பின்னணி என் நெஞ்சை உலுக்கியது. ஜார் படையில் சென்ற அவர்தம் நண்பர் அம்மலைநாட்டுப் போரில் மாண்டார். கவிஞரோ எதிர்த்து நின்ற மலைவாழ் முஸ்லிம்களைப் பழிக்கவில்லை. படையெடுத்த பேரரசையே சாடினார். தம் மக்களின் விடுதலையை விழைந்தவர் பிறர் விடுதலையையும் போற்றினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

1847இல் கைதான அவரை, எழுதவோ வரையவோ கூடாதெனும் ஆணையுடன் படைவீரராக்கி நாடு கடத்தினர். சிறு குறிப்பேடுகளில் மறைவாக எழுதினார். 1861இல் மறைந்தார். 1863ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அப்படியொரு தனிமொழியே இல்லை என்றது. 1876ஆம் ஆண்டு ஆணை அம்மொழி நூல்களை அச்சிடுவதையும் வெளிநாட்டிலிருந்து கொணர்வதையும் தடுத்தது. இல்லாத மொழிக்குத் தடை எதற்கு? ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த லிவிவ் நகர அச்சகங்கள் அம்மொழிக்குப் புகலிடமாயின. 1930களில் ஸ்டாலின் ஆட்சி எழுத்தாளர் பலரைக் கொன்றது. எனினும் 1991 டிசம்பரில் வாக்களித்தோருள் 90 விழுக்காட்டினர்க்கு மேல் தனிநாட்டை ஏற்றனர்.

இது மொழிப்பகையன்று; ஷெவ்சென்கோ தம் நாட்குறிப்பை ருஷ்ய மொழியிலேயே எழுதினார். தம்மைத் தம் பெயரால் அழைக்க வேண்டும் என்பதே அம்மக்களின் வேட்கை.

அம்மாணவி பட்டம் பெற்றுச் சென்றுவிட்டாள். அன்று தந்திருக்க வேண்டிய விடையை இம்மலரில் தருகிறேன்: ஆம், அம்மா; அவர்கள் தனி இனத்தவரே.