வாசலில் வலை, ஓடையில் வள்ளம்

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால் காரங்காடு. விடுமுறை நாளில் போனால் அலையாத்திக் காட்டுக்கு முன்னால் கார்கள்தான் கண்ணில் படும். வனத்துறை ஊர்க்காரர்களோடு சேர்ந்து நடத்தும் படகுச் சவாரிக்கு வந்தவை. நிழல் கண்ட இடத்தில் காரை விடுகிறார்கள். மீன்பிடி ஊரில் நிழல் என்றால் அது வலைக்கு உரிய இடம். இது வெளியூர்க்காரருக்குத் தெரிய நியாயமில்லை, யாரும் போர்டு வைக்கவில்லை.

*

நண்டு வலை கரைக்கு வந்ததும் வீடே அதைச் சுற்றி உட்கார வேண்டும். நண்டைக் கொடுக்கு ஒடியாமல் கழற்ற வேண்டும். ஒடிந்தால் விலை இறங்கிவிடும். பிறகு பாசி, சிப்பி, குப்பையெல்லாம் எடுத்து, அறுந்த கண்ணைக் கட்டி, மறுநாளுக்கு மடித்து வைக்க வேண்டும். நூறு நூறு மீட்டராக நீளும் வலை. இரண்டு சென்ட் வீட்டில் இதை எங்கே விரிப்பது? ஆகவே வள்ளத்து மெஷின் திண்ணையில், டீசல் கேன் கொல்லையில், வலை தெருவில், வள்ளம் ஓடையில். ஒரு வீட்டின் சாமான் நான்கு இடத்தில் கிடக்கிறது. பட்டா இருப்பதோ வீட்டு மனைக்கு மட்டும்.

*

வலைக்கும் வள்ளத்துக்கும் ஏதாவது இடம் சொல்லியிருக்கிறதா என்று தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளைப் புரட்டினேன். ஒரு காருக்கு இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம். மோட்டார் சைக்கிளுக்கும் அளவு உண்டு. படகு பற்றிப் பேச்சில்லை. எழுதியவர்களின் கண்முன் இருந்தது சென்னை அடுக்குமாடி. அவர்களைக் குறை சொல்லி என்ன?

*

விதி படகைப் பற்றிப் பேசும் இடமும் உண்டு: கலிபோர்னியாவில் சீசைடு என்றொரு ஊர். பெயரிலேயே கடல். அங்கே ஒருவர் தன் வீட்டு வாசலோரம் படகு நிறுத்தியிருந்தார். தெருவிலிருந்து தெரியக் கூடாது, ஆறடி வேலி போட்டு மறை என்று 2023இல் நகர நிர்வாகம் கடிதம் அனுப்பியது. அவரும் வேலி போட்டார். பக்கத்து வீட்டு ஓவியரைக் கொண்டு, வேலிக்குப் பின்னால் இருக்கும் அதே படகை அச்சு அசலாக வேலி மேல் வரைய வைத்தார்! அமெரிக்கப் புறநகர்களில் இப்படிப்பட்ட விதிகள் சர்வ சாதாரணம்: வீட்டு முகப்புக்கு முன்னால் படகு, டிரெய்லர், கூடார வண்டி எதுவும் நிற்கக் கூடாது. தெருவின் அழகும் வீட்டின் விலையும் கெடுமாம். நம் கரையில் வாசலில் வலை கிடந்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது என்று பொருள்.

*

பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள். மன்னார் வளைகுடா ஆண்கடல். பெண்கடலில் அலை குறைவு, ஆழமும் குறைவு என்பதால் காரங்காட்டுப் பக்கத்தில் வள்ளத்தைத் தினமும் மணலுக்கு இழுத்து ஏற்ற வேண்டியதில்லை. நங்கூரம் போட்டு நிறுத்தினால் போதும். வாடைக்காற்று கிளம்பினால்தான் சிக்கல். அப்போது அலையாத்தி சூழ்ந்த ஓடைதான் காப்பு. இந்தக் கரைக்கு அதைவிட நல்ல பார்க்கிங்கை எந்தப் பொறியாளரும் கட்டித் தரப்போவதில்லை.

ஆனால் அந்த ஓடை யாருடையது? 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி, பொதுத் தெருவும், உயர் அலைக் கோட்டுக்குக் கீழே உள்ள கடல், ஓடைப் படுகைகளும் அரசுச் சொத்து. வள்ளம் நிற்பதும் வலை கிடப்பதும், ஏட்டைப் பார்த்தால், அடுத்தவர் மனையில்.

*

சென்னை நொச்சிக்குப்பத்தில் நடந்ததை நினைத்துக்கொள்ளலாம். படகும் வலையும் கிடந்த மணலில்தான் லூப் ரோடு போட்டார்கள் என்பது அங்குள்ள மீனவர்கள் சொல்வது. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சாலையோர மீன் கடைகளைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று வழக்காக எடுத்துக்கொண்டது. கடைகள் அகற்றப்பட்டன, மறியல் நடந்தது. 2024இல் புதிய மீன் அங்காடி திறந்தார்கள். விற்க இடம் கிடைத்தது சரி. முதலில் வந்தது படகா ரோடா என்ற கேள்வியை மட்டும் யாரும் தொடவில்லை.

*

சட்டம் முழுக்கக் கை விரித்துவிடவில்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீன் உலர்த்தும் களம், வலை பழுதுபார்க்கும் இடம், நாட்டுப்படகு கட்டும் இடம் ஆகியவற்றைக் கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதியிலும் அனுமதிக்கிறது. மீனவர்களின் பொதுச் சொத்துகளைக் கிராம வரைபட அளவில், அதாவது 1:3960இல், குறித்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறது. குறித்தால்தான் அது இடம். குறிக்காவிட்டால் வெறும் மணல், நாளைக்கு யாரோ கார் நிறுத்துவார்கள், மறுநாள் யாரோ ரிசார்ட் கட்டுவார்கள்.

*

ஊராட்சிச் சட்டத்தில் பழைய வாசனையோடு ஒரு வசதி இருக்கிறது: ஊராட்சி வண்டிப்பேட்டை அமைக்கலாம், கட்டணம் வாங்கலாம், அதற்குப் பக்கத்துத் தெருக்களில் வண்டி நிறுத்தக் கூடாது என்று தடுக்கலாம். மாட்டு வண்டிக் காலத்தில் எழுதியது, மோட்டார் வண்டிக்கும் பொருந்தும். காரங்காட்டுக்குக் காரில் வருகிறவர்கள் இருபது, முப்பது ரூபாய் கொடுக்க முணுமுணுக்க மாட்டார்கள். ஊரார் செய்ய வேண்டியது இரண்டு: சாலைப் பக்கம் பேட்டைக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள், கடற்கரை வரைபடம் கருத்துக் கேட்புக்கு வரும்போது, வலை விரிக்கும் இடமும் வள்ளம் கட்டும் ஓடையும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அங்கேயே மனு எழுதிக் கொடுங்கள்.