மேலே நிரை

மே 4, கோலா கங்சார்

மாமாவை இன்று தகனம் செய்தோம். நேற்று ராத்திரி நடந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன். பந்தலில் யாரோ ரப்பர் தோட்டத்துப் பழைய பெரட்டுக் கதையை எடுத்தார்கள். பெரட்டு என்றால் காலையில் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கொரு நிரை மரம் பிரித்துக் கொடுப்பது. முதல்நாள் புதைத்த ஆளின் பெயரை மேற்பார்வையாளரான தண்டல் பழக்கதோஷத்தில் கூப்பிட, வரிசையிலிருந்து மாமா குரல் கொடுத்தாராம்: "அவருக்கு மேலே நிரை குடுத்துட்டாங்க தண்டலு!"

அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கூடப் பிறந்த அண்ணன் பெட்டியில் கிடக்கிறார். அத்தை எழுந்து வந்து, "செத்த வீட்டுல இது தகுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

மே 5

அஸ்தியைப் பேராக் ஆற்றில் கரைத்தார்கள். மழை.

மே 9

தூக்கம் வரவில்லை. தத்துவவாதிகள் டார்ம்ஸும் ஜேக்கப்சனும் 2000-இல் எழுதிய கட்டுரை அத்தையின் கேள்விக்கென்றே எழுதியது போல இருக்கிறது. சிரிப்பது தவறு என்பதற்காக வேடிக்கை வேடிக்கையாக இல்லாமல் போய்விடாது என்கிறார்கள். சிரிப்பு அதற்குப் பொருந்தவே செய்யும். அப்படியானால் இந்தப் பொருத்தம் என்பதற்குள் 'செய்ய வேண்டும்' என்ற கட்டளை இருக்கிறதா? சாவி பூட்டுக்குப் பொருந்தும். அதற்காகத் திறந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

தத்துவவாதி யூயிங் இந்தச் சாவிக் கணக்கை ஏற்றிருக்கமாட்டார். 1947-இல் அவர் நல்லது என்பதையே பொருத்தத்தை வைத்துத்தான் விளக்கினார்.

அம்மா இன்னும் அழவில்லை. சிரித்ததைவிட அதுதான் என்னை உறுத்துகிறது. சாவிக் கணக்கு இங்கே உதவவில்லை.

மே 10

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலைப் புரட்டினேன். எட்டு மெய்ப்பாடு, அதாவது உணர்ச்சி; ஒவ்வொன்றும் பிறக்க நான்கு நிலைக்களன். நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழவு வந்தால் அழுகை வரும் என்கிறாரா தொல்காப்பியர், அழுவதே முறை என்கிறாரா? அவர் செய்யுளுக்கு இலக்கணம் சொன்னவர், யார் வீட்டுக்கும் வந்து கணக்கெடுத்தவர் இல்லை. ஆனால் இலக்கணம் என்றாலே பிழையும் உண்டே.

மே 13

கடைக்குப் போகும் வழியில் அந்த ரப்பர் மரம். 1877-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்டவற்றில் எஞ்சியது என்கிறார்கள். ஒரு குடும்பம் அதன்முன் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தது. பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பத்துப் பெண்ணுக்கு அதைப் பார்த்தால் என்ன வரவேண்டும், பெருமிதமா, வெகுளியா? வெகுளியின் நிலைக்களன்களில் குடிகோளும் ஒன்று, குடியைக் கெடுப்பது. எனக்கு வியர்த்தது, அவ்வளவுதான்.

மே 18

கருமாதி. வடைக்குப் பருப்பைக் கழுவிக்கொண்டே அத்தை தானாகச் சொன்னார்: "அன்னிக்குப் பெரட்டுல கூப்பிட்ட பேரு எங்கப்பாவோடது."

நான் வாயைத் திறக்கவில்லை.

"உங்க மாமா சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு. பெரட்டே சிரிச்சுச்சு. அவரைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷம் வாழ்ந்தேன், எது சொன்னாலும் சிரிப்பேன். அதுக்கு மட்டும் சிரிச்சதில்ல."

அம்மா அதே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். யார் பெயர் என்று தெரியாமலா சிரித்தார்? ராத்திரி கேட்டேன்.

"தெரியாம என்ன? அந்தப் பெரியவர் இருந்திருந்தா அவரே சிரிச்சிருப்பாரு."

இதை அத்தையிடம் சொல்லலாமா? காலையில் ஈப்போவுக்குக் கிளம்புகிறோம்.