ஐந்து அமர்வுகளும் மூன்று ஷிப்டுகளும்

மனச்சோர்வு என்றவுடன் தனியொருவரின் தலைக்குள் நிகழும் கோளாறு என்றே எண்ணிப் பழகியிருக்கிறோம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் சில ஆண்டுகள் குடியிருந்த எனக்கு அவ்வெண்ணம் நிலைக்கவில்லை. இங்கே வீட்டின் பொழுதுகளைக் கம்பெனிப் பேருந்தே வகுக்கிறது. இரவு ஷிப்ட் முடிந்து கணவர் உறங்கும்போது மனைவி ஓசையின்றிப் பாத்திரம் துலக்குவாள்; அவர் எழுந்து, உண்டு, கிளம்புவதற்குள் இருவரும் பேசிய சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் லைன் வீட்டின் அடுத்த போர்ஷனுக்கு மணமாகி வந்த பெண், சில மாதங்களில் தலைவாரிக்கொள்வதையே விட்டுவிட்டாள். கணவர் அதைச் சோம்பல் என்றார். அவள் என்னிடம் சொன்னது, "திட்டினாலும் பரவாயில்லக்கா, உக்காந்து பேசினாப் போதும்."

அமெரிக்காவில் 2010இல் வெளியான சிறிய ஆய்வொன்று இதனால்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மனச்சோர்வுற்ற, மணமான பெண்கள் 35 பேர். ஒரு பகுதியினர் கணவருடன் ஐந்து அமர்வுகளுக்கு வந்தனர்; அமர்வுக்கு இரண்டு மணி நேரம். மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில். நோய் எத்தகையது என்பதைக் கணவருக்கும் விளக்கினார்கள். அதை அவர் நோக்கும் விதத்தையும், மனைவியிடம் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்ற முயன்றார்கள். அமர்வுகளுக்கு வந்த பெண்களின் சோர்வு குறைந்தது. கணவர்களின் மனபாரமும் இறங்கியது. 35 பேரைக் கொண்டு உலகை அளந்துவிட இயலாதுதான். ஆயினும் 2000ஆம் ஆண்டிலேயே லண்டனில் ஜூலியன் லெஃப் குழுவினர் 77 நோயாளிகளிடம் நடத்திய, சற்று நீண்ட சிகிச்சையும் இதே திசையைத்தான் காட்டியது. அங்கே மருந்து மட்டும் பெற்றவர்களில் பாதிக்கு மேல் இடையில் விலக, துணையுடன் வந்தவர்களில் விலகியோர் சுமார் 15 சதவீதமே.

இதைப் படித்துவிட்டு எவரும் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். அடி உதை நிகழும் வீட்டில் இருவரையும் ஒன்றாக அமர்த்துவதும் ஆபத்து. அங்கே பெண்ணின் பாதுகாப்பே முதல் வேலை.

2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவையின் 14416 எண்ணை அப்பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தேன். நள்ளிரவிலும் அழைக்கலாம். ஆனால் நான் சொல்லும் சிகிச்சைக்குக் கணவரும் வர வேண்டும். அதுவும் ஐந்து வாரங்கள், விழித்த கண்களுடன். காதுகுத்து, இழவு என்றால் ஷிப்ட் மாற்றம் கிடைத்துவிடும். மனைவியுடன் அமர்ந்து பேச வேண்டும் என்று எங்கள் பகுதித் தொழிலாளி எந்தப் படிவத்தில் எழுதுவார்?