மாநாட்டில் எங்களுக்கு மூன்று ஓட்டு

எந்த மாநாடு, எந்த ஊர், எந்த ஆண்டு என்று இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் தீர்மானத்தை வழிமொழிந்த போதகருக்கு ஆகும். ஏற்கெனவே கொஞ்சம் ஆகிவிட்டது, அதைப் பிறகு சொல்கிறோம். தமிழ்நாட்டில் ஒரு மெதடிஸ்ட் திருச்சபை, அதன் ஆளுகை மாநாடு, அங்கே பிரதிநிதிகளாகப் போன நாங்கள் மூன்று பேர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்களில் ஒருவர் பால்வாடி டீச்சர் அக்கா. ஒருவர் சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பி. மூன்றாமவர் இதைத் தட்டச்சு செய்கிறவர். பக்கத்துப் பக்கத்து மூன்று சபைகள், மூன்றும் காலனிச் சபைகள். மாநாட்டுக்குக் கட்டவேண்டிய பங்குத்தொகையைப் பிடி அரிசியும் அறுப்புப் பண்டிகை ஏலமும் வைத்துக் கட்டும் சபைகள். ஒரு பூசணிக்காய் நானூறு ரூபாய்க்கு ஏலம் போகும். எடுத்தவரே மறுபடி காணிக்கையாக வைப்பார், மறுபடி ஏலம் போகும். அந்தப் பணத்தில்தான் நாங்கள் பஸ் ஏறினோம்.

"சர்ச்சுக்குள்ள போயி என்ன தோழர் அரசியல் பண்ணப் போறீங்க?" என்று கிளம்பும்போதே கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மதம் மாறியும் சாதி மாறாத கிறிஸ்தவ தலித்துகளின் நிலையைப் பற்றி பாபாசாகேப் கடுமையாகவே எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுத்தான் போனோம். ஆனால் எங்கள் ஊரில் பள்ளிக்கூடம், அதைச் சுற்றியுள்ள நிலம், எங்கள் ஆயாவும் தாத்தாவும் புதைந்திருக்கும் கல்லறைத் தோட்டம் எல்லாவற்றையும் பற்றி முடிவெடுக்கும் இடம் அந்த மாநாடுதான். நாம் போகாவிட்டால் மாநாடு நின்றுவிடாது. நாம் இல்லாமல் நடக்கும்.

மெதடிஸ்ட் அமைப்பைப் பற்றி இளைய தோழர்களுக்கு ஒரு வார்த்தை. ஜான் வெஸ்லி 1744இல் லண்டனில் தன்னுடைய பிரசங்கிமார் சிலரைக் கூட்டி உட்கார வைத்துப் பேசியதுதான் முதல் மாநாடு. அதிலிருந்து இந்தச் சபை மாநாட்டால் ஓடுகிற சபை. ஒரு போதகர் எங்கள் ஊர்ச் சபையின் ஊழியர் அல்ல. அவர் மாநாட்டைச் சேர்ந்தவர். இந்த வருடம் அவர் எந்த ஊரில் என்பதை மாநாட்டின் முடிவில் பேராயர் வாசிப்பார். ஒருகாலத்தில் மாநாட்டில் போதகர்கள் மட்டும்தான். பிறகு சபை மக்களும் போராடி உள்ளே வந்தார்கள். பெண்கள் அதற்கும் பிறகு. இப்போது பட்டம் பெற்ற போதகரின் ஓட்டும் பால்வாடி அக்காவின் ஓட்டும் ஒரே எடை. ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது.

முதல் நாள் காலை, ஜெபம் முடிந்து வருகைப் பதிவு முடிந்ததும், செயலர் எழுந்து ஒரு தீர்மானம் வாசித்தார். இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரை, மேடையிலிருந்து இன்ன வரிசை வரைதான் மாநாட்டின் எல்லை. அதற்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கை மட்டுமே ஓட்டாக எண்ணப்படும். பார்வையாளர்கள் எல்லைக்கு வெளியே உட்கார வேண்டும். மெதடிஸ்டுகளிடம் இது பழைய வழக்கமாம். யாருக்கும் அதில் விசேஷம் எதுவும் இல்லை. அக்கா மட்டும் எங்கள் பக்கம் திரும்பி, "கோடு போட்டாங்க, நாம உள்ள இருக்கோம்டா" என்றார். சிரித்தோம். எங்கள் ஊரில் கோயில் தெருவுக்கு ஒரு கோடு, டீக்கடை பெஞ்சுக்கு ஒரு கோடு, குளத்துப் படிக்கு ஒரு கோடு. கோடு போட்ட இடத்தில் உள்பக்கம் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

நாங்கள் இரண்டு தீர்மானம் எழுதிக்கொண்டு போயிருந்தோம். முந்தைய இரண்டு வாரம் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து எழுதியது. தீர்மானக் குழுவிடம் முதல் நாள் மதியத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் வேண்டும் என்பதெல்லாம் தம்பிதான் ஒழுங்கு நூலைப் படித்துக் கண்டுபிடித்தான். ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிற புத்தகம். அதை முழுதாகப் படித்தவர்கள் அந்த அரங்கில் எத்தனை பேர் என்று எங்களுக்குச் சந்தேகம்.

முதல் தீர்மானம் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையைப் பற்றியது. உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்று அந்த ஆணையின் மூன்றாவது பத்தி சொல்கிறது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திருத்தினார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் மதத்தைப் பார்க்காமல் கொடுக்கச் சொல்லி அறிக்கை தந்தது. அதற்குப் பிறகு 2022இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். நடுவில் ஒரு தலைமுறையே வேலை வயதைத் தாண்டிவிட்டது. இந்த மூன்றாவது பத்தியை நீக்கவேண்டும், அதற்காகத் திருச்சபை தெருவில் இறங்கவேண்டும் என்பது எங்கள் தீர்மானம்.

நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. எல்லாக் கையும் தூக்கின. கைதட்டல். மேடையிலிருந்தே ஒருவர் "ஆமென்" என்றார். தேநீர் இடைவேளையில் எங்களை முதுகில் தட்டினார்கள். "சின்னப் பிள்ளைங்க, நல்லா எழுதியிருக்கீங்க." அக்காவுக்கு நாற்பத்தாறு வயது.

இரண்டாவது தீர்மானம் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. (மட்டன் குழம்பு. அந்த நேரத்தை யார் முடிவு செய்தார்கள் என்று இன்னும் யோசிக்கிறோம்.)

அதைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடராக இருந்து கிறிஸ்தவர் ஆனவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறோம். எஸ்.சி. இடம் இல்லை. சரி, அரசு கதவைச் சாத்திவிட்டது, சபையின் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று வந்தால், அது சிறுபான்மை நிறுவனம். அரசமைப்புச் சட்டத்தின் 30ஆவது பிரிவு காக்கும் நிறுவனம். இட ஒதுக்கீடு அதைக் கட்டுப்படுத்தாது. சம்பளம் அரசுடையது, நியமனம் நிர்வாகத்துடையது. அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இன்றைய நாட்டு நிலைமையில் அதைச் சொல்கிறவன் முட்டாள். அந்தப் பாதுகாப்புக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் கேட்டோம். எங்கள் தீர்மானம் கேட்டது இவ்வளவுதான்: சபை நடத்தும் பள்ளிகளில் காலியிடங்களை எல்லாச் சபைகளிலும் ஞாயிறு ஆராதனையில் அறிவிக்க வேண்டும். நியமனக் குழுவில் கிராமச் சபை உறுப்பினர் இருக்க வேண்டும். வேலையில் இருப்பவர்களில் தலித் கிறிஸ்தவர் எத்தனை பேர் என்ற கணக்கை வருடாவருடம் மாநாட்டில் வைக்க வேண்டும்.

கணக்கு என்ற சொல்லில்தான் அரங்கம் விழித்துக்கொண்டது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுந்தார். நல்ல மனிதர், எங்களில் ஒருவருக்குப் பாடம் எடுத்தவர். "சபையில சாதி ஏதுங்கய்யா? கணக்கெடுத்தா இல்லாத சாதியை நாமளே உள்ள கூட்டிட்டு வந்த மாதிரி ஆயிடும்" என்றார். தம்பி எழுந்தான். கால் நடுங்கியது, பக்கத்தில் இருந்ததால் எங்களுக்குத் தெரியும். "ஐயா, நேத்து நாம எல்லாரும் கை தூக்குன தீர்மானத்துல தலித் கிறிஸ்தவர்னு அஞ்சு எடத்துல எழுதியிருக்குதுங்கய்யா. டெல்லிக்கு எழுதும்போது சபையில சாதி இருக்குது. ஸ்கூலுக்கு ஆள் எடுக்கும்போது மட்டும் எப்படிங்கய்யா இல்லாம போவுது?"

யாரும் கைதட்டவில்லை. பின்னால் எல்லைக்கு வெளியே, பார்வையாளர் பக்கம், யாரோ ஒரு பெண் தட்ட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

எங்கள் போதகர் எழுந்து வழிமொழிந்தார். பேசவில்லை, "வழிமொழிகிறேன்" என்ற ஒரு சொல்தான். அவர் எழ வேண்டியதே இல்லை. வேறொரு சபைப் பிரதிநிதி ஒப்புக்கொண்டிருந்தார், ஆனால் அந்த நேரம் பார்த்து அவரைக் காணவில்லை.

பிறகு ஒருவர், தீர்மானம் மிக முக்கியமானது, ஆழமாக ஆராய வேண்டியது, ஆகவே கல்விக் குழுவுக்கு அனுப்பலாம் என்றார். இங்கேதான் நாங்கள் தோற்றோம். எதிர்த்து ஓட்டுப் போட்டு யாரும் எங்களைத் தோற்கடிக்கவில்லை. கல்விக் குழுவில் இருப்பவர்கள் யார்? அந்தப் பள்ளிகளின் தாளாளர்கள். "அனுப்பலாம், ஆனால் அடுத்த மாநாட்டில் அறிக்கையோடு திரும்பி வரவேண்டும்" என்று ஒரு திருத்தம் கொடுத்திருந்தால் மறுப்பது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். அப்படி ஒரு திருத்தம் கொடுக்கலாம் என்பது ஒழுங்கு நூலைப் படித்த தம்பிக்குக்கூட அந்த நொடியில் தோன்றவில்லை. மாணவத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். சபை, சங்கம், பல்கலைக்கழக மன்றம் எதுவானாலும் நம் தீர்மானத்தைக் குழுவுக்கு அனுப்புகிறார்கள் என்றால் உடனே தேதி கேளுங்கள். கைகள் தூக்கின. எண்ணக்கூடத் தேவைப்படவில்லை. யாரோ ஒருவர் பாட்டை ஆரம்பித்தார், மாநாடு முழுவதும் எழுந்து நின்று துதி பாடியது.

நாங்களும் எழுந்து நின்றோம். பாடினோம். அக்கா இரண்டாம் குரலில் பாடினார், அவருக்கு நல்ல குரல்.

ஊருக்கு வந்த பிறகு தம்பி அமெரிக்க மெதடிஸ்ட் வரலாற்றைத் தேடிப் படித்தான். 1844இல் அங்கே பொது மாநாடு அடிமை முறைக்காக உடைந்தது. ஜேம்ஸ் ஆண்ட்ரூ என்ற பேராயரிடம் அடிமைகள் இருந்தார்கள், அவர் பணியில் தொடரலாமா என்பதுதான் கேள்வி. தொடரக்கூடாது என்று மாநாடு சொன்னதும் தெற்கத்தியர் தனிச் சபை ஆனார்கள். இத்தனைக்கும் வெஸ்லி 1774லேயே அடிமை வியாபாரத்தை எதிர்த்துத் தனி நூல் எழுதியவர். பிரிந்தவர்கள் 1939இல் மறுபடி சேர்ந்தார்கள். எப்படி? கறுப்பினச் சபைகளை, அவை எந்த மாநிலத்தில் இருந்தாலும், மத்திய மண்டலம் என்ற ஒரே தனி மண்டலத்தில் ஒதுக்கிவைத்து. வெள்ளையருக்கு ஊர்வாரியாக மண்டலம், கறுப்பருக்கு நிறவாரியாக. 1968 வரை இது நீடித்தது. எங்கள் ஊர் வரைபடத்தை அமெரிக்காவில் யாரோ போட்ட மாதிரி இருந்தது.

இந்த இணைப்புத் திட்டம் 1936 பொது மாநாட்டில் ஓட்டுக்கு வந்தபோது கறுப்பினப் பிரதிநிதிகளில் பெரும்பான்மையோர் எதிர்த்தார்கள். திட்டம் நிறைவேறியது. மாநாடு எழுந்து நின்று பாடியது. அவர்கள் எழவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்கள், சிலர் அழுதார்கள் என்று பதிவு இருக்கிறது.

இதைத் தம்பி எங்களுக்கு வாசித்துக் காட்டியபோது மூன்று பேருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்காதான் முதலில், "நமக்கு ஏன்டா தோணல?" என்றார். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. சின்ன வயதிலிருந்து பாட்டு என்றால் எழுந்து நிற்கப் பழக்கியிருக்கிறார்கள், அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். அரங்கத்தில் எல்லோரும் நிற்கும்போது மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருக்கப் பயந்தோம் என்பதும் உண்மை. கோட்டுக்கு உள்ளே உட்கார வைத்தார்களே என்ற நன்றியும் அதில் கலந்திருந்ததோ என்று ஒரு சந்தேகம். அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கடைசி நாள் மாலை பேராயர் நியமனங்களை வாசித்தார். போதகர்கள், அவர்கள் மனைவிகள், பத்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருப்பவர்கள் எல்லோரும் மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருக்கும் நேரம் அது. எங்கள் போதகரின் பெயர் வந்தது. எங்கள் ஊர் வரவில்லை. வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. போன இடம் பஸ் இறங்கி எட்டு கிலோமீட்டர். இது பழிவாங்கல்தான் என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை, இடமாற்றம் மெதடிஸ்ட் முறையிலேயே இருப்பது. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். "எதுக்கு? அங்கயும் காலனிதான் இருக்கு" என்றார். அவர் மனைவி எங்கள் பக்கம் திரும்பவில்லை. அதுவும் நியாயம்தான்.

அடுத்த ஞாயிறு மூன்று சபைகளிலும் தனித்தனியாக அறிக்கை கொடுத்தோம். முதல் தீர்மானம் நிறைவேறியதைச் சொன்னபோது தலையாட்டினார்கள். இரண்டாவது குழுவுக்குப் போயிருக்கிறது என்றதும் பின்வரிசையில் ஒரு பாட்டி, காது சரியாகக் கேட்காது என்பதால் சத்தமாகவே கேட்டார்: "பிடி அரிசி கேக்கும்போது எந்தக் குழுவுக்கும் அனுப்பாம நேரா நம்ம வூட்டுக்குத்தானே வராங்க?"

இப்போதைய நிலவரம்: கல்விக் குழு இதுவரை கூடியதாகத் தகவல் இல்லை. தம்பி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கல்வி அலுவலகத்துக்கு மனுப் போட்டிருக்கிறான். அரசு நிதி பெறும் பணியிடங்கள் என்பதால் நியமன ஒப்புதல் கோப்புகள் அங்கே இருக்க வேண்டும். சாதியை அதில் கேட்க முடியாது, ஆனால் எந்தத் தேதியில் எத்தனை இடம் நிரப்பப்பட்டது, விளம்பரம் எங்கே வந்தது என்று கேட்கலாம். 30 நாள் கெடுவில் பதினோரு நாள் போயிருக்கிறது. சபைக் கூட்டத்தில் அடுத்த பிரதிநிதித் தேர்தல் வரப்போகிறது. ஒரு சபையில் அக்காவுக்கு எதிராக ஆள் நிறுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். மூன்று ஓட்டு இரண்டாகலாம். அதே தீர்மானத்தைத் தேதியோடு சேர்த்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறோம். மற்ற காலனிச் சபைகளில் பிரதிநிதியாகப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், முன்மொழிய ஆள் இருக்கிறது. வழிமொழிய, போதகர் அல்லாத ஒருவர் வேண்டும்.