காப்பியும் களைப்பும்

தவக்காலம் நெருங்கும்போது, "இந்த நாற்பது நாளும் காப்பியைத் தொட மாட்டேன், சாமி" என்று சொல்லிச் செல்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என் பங்கில் சிலர் உண்டு. இறைச்சியைத் துறந்தவர்கள் பெரும்பாலும் உயிர்ப்புப் பெருவிழாவரை நிலைத்து நிற்கின்றனர். காப்பியைத் துறந்தவர்களோ, புதனன்று சாம்பல் பூசிக்கொண்டு சென்று, வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்கின்றனர். இதை அலகையின் சோதனை என்று எண்ணி வருந்துவோரும் உளர். சோதனையன்று, உடலின் எளிய கணக்கு. நாள்தோறும் காஃபீனுக்குப் பழகிவிட்ட மூளையின் இரத்தக் குழாய்கள், அது கிடைக்காதபோது விரிவடைகின்றன. கடைசிக் காப்பிக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும். ஓரிரு நாள்கள் கடுமையாக இருக்கும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடங்கிவிடும். சாம்பல் புதனுக்குச் சில நாள் முன்னரே சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு வந்தால் இத்துன்பம் பெரிதும் இராது.

காப்பி தெம்பு தருகிறது என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். மருத்துவ அறிவு சொல்வது வேறு. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் அடினோசின் என்னும் பொருள் மூளையில் சிறுகச் சிறுகச் சேர்கிறது. அது தனக்கென அமைந்த இடங்களில் சென்று பொருந்தும்போதுதான், களைத்துவிட்டோம் என்ற உணர்வு நமக்கு எழுகிறது. அமைப்பில் அதனை ஒத்த காஃபீன் முந்திக்கொண்டு சென்று அவ்விடங்களை அடைத்துவிடுகிறது. களைப்பு அங்கேயேதான் இருக்கிறது. அதைப் பற்றிய செய்தி மட்டும் வந்து சேர்வதில்லை. கடன் கொடுத்தவரின் கடிதத்தைப் பிரிக்காமல் பரண்மேல் போட்டுவைப்பதைப் போன்றது இது. கடன் குறைவதில்லை.

உட்கொண்ட காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. அவ்வாறாயின் மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் நம் குருதியில் ஓடிக்கொண்டிருக்கும். "தூக்கமே வருவதில்லை, செபமாலையை உருட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன்" என்று முறையிடும் முதியோரிடம், மாலையில் எத்தனை காப்பி என்றுதான் நான் முதலில் கேட்பது வழக்கம். கருவுற்ற தாய்மாருக்கு, இறுதி மாதங்களில், காஃபீன் நீங்கும் நேரம் மும்மடங்காகவும் நீளக்கூடும். அது குழந்தையையும் சென்றடைகிறது. எனவேதான் நாளொன்றுக்கு 200 மில்லி கிராமுக்கு மேல் அவர்களுக்கு ஆகாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வரையறுத்தது.

இவ்வாறு எழுதுவதால் என்னைக் காப்பியின் பகைவன் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். காலைத் திருப்பலி முடிந்து வரும்போது சமையலறையிலிருந்து எழும் டிகாக்‌ஷன் மணத்தை நானும் இறைவனின் கொடைகளுள் ஒன்றாகவே கருதுகிறேன். அதன்மேல் சுமத்தப்பட்ட பழிகளுள் சில நிலைக்கவுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, 1991இல் காப்பியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தி ஐயுற்றது. 2016இல் அந்த ஐயத்தை விலக்கிக்கொண்டது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் அருந்தும் எந்தப் பானமும் உணவுக்குழாய்க்குக் கேடாகலாம் என்று மட்டும் எச்சரித்தது. (டவராவில் ஆற்றிக் குடிக்கும் வழக்கத்தை நமக்கு விட்டுச்சென்ற முன்னோரை இங்கே வாழ்த்தத் தோன்றுகிறது.) அளவோடு காப்பி அருந்துவோரிடையே கல்லீரல் நோய்களும் இரண்டாம் வகை நீரிழிவும் குறைவாகக் காணப்படுவதாகவும் பல ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை மேலைநாட்டு மக்களைக் கவனித்து எழுதப்பட்டவை. காப்பியே காரணம் என்று அறுதியிட அவை போதா. நம்மவர் குடிக்கும் காப்பியின் கதையும் வேறு. டம்ளருக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு நான்கு டம்ளர் என்றால், ஏறத்தாழ 40 கிராம் சர்க்கரை. கொட்டை செய்யும் நன்மையைச் சர்க்கரை டப்பா கெடுத்துவிடும்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 150 மில்லி லிட்டர் காப்பியில் 80 முதல் 120 மில்லி கிராம் காஃபீன் உள்ளதென்றும், நாளொன்றுக்கு 300 மில்லி கிராமைத் தாண்டலாகாதென்றும் கூறியுள்ளது. அதே ஏட்டில் உள்ள மற்றோர் அறிவுரையே என் மனத்தில் ஆழமாகத் தைத்தது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பியும் தேநீரும் வேண்டாம் என்பது அது. அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச் சத்தைப் பற்றிக்கொண்டு, உடலில் சேரவிடாமல் தடுக்கிறது.

முற்காலத்தில் நற்கருணை உட்கொள்வோர் நள்ளிரவு முதல் தண்ணீரும் அருந்தாதிருந்தனர். 1953இலும் 1957இலும் அவ்விதி தளர்ந்து, 1964இல் ஒரு மணி நேர நோன்பாயிற்று. ஆனால் எந்தத் திருச்சபையும் கட்டளையிடாத ஒரு நோன்பை நம் இல்லத்துப் பெண்கள் இன்றும் கடைப்பிடிக்கின்றனர். விடியுமுன் எழுகின்றனர், ஒரு டம்ளர் காப்பி, பின் சமையல், பிள்ளைகள், கணவரின் சாப்பாட்டு அடுக்கு, தண்ணீர், துணி. இடையில் இன்னொரு டம்ளர். தமக்கென்று தட்டை எடுத்து அமரும்போது பதினொரு மணி.

வீடு சந்திப்பின்போது ஒரு தாயைக் கண்டேன். முகம் வெளிறியிருந்தது, எனக்குக் காப்பி கொண்டுவந்த கையில் சிறு நடுக்கம். ஹீமோகுளோபின் எட்டு என்றார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை மூன்று மாதமாக விழுங்கியும் ஏறவில்லையாம். எப்போது விழுங்குகிறீர்கள் என்று கேட்டேன். "காலையில காப்பியோடதான் சாமி. வெறும் வயித்துல தண்ணி இறங்க மாட்டேங்குது." சாப்பிட்டுவிட்டுக் குடிக்கலாமே என்றேன். "காப்பி குடிச்சா பசி தெரியாது. அவங்க எல்லாம் கிளம்புற வரைக்கும் வேலை ஓடும்" என்று சிரித்தார். அச்சிரிப்பு என்னை வெகு நேரம் வருத்தியது.

2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் என்று கூறுகிறது. அதற்குக் காரணங்கள் பல. காப்பியின்மேல் முழுப் பழியையும் போடுவது நேர்மையன்று. வறுமையும், உணவின் குறையும், அடுத்தடுத்த பேறுகாலமும் இருக்கின்றன. எனினும், கிடைக்கும் சிறிதளவு இரும்பையும் காப்பியோடு சேர்த்து வீணாக்குவானேன்? தைராய்டு மாத்திரை உண்பவர்களுக்கும் இது பொருந்தும். காப்பியோடு விழுங்கினால் அம்மருந்து உடலில் சரிவரச் சேராது. தண்ணீரோடு விழுங்கி, ஒரு மணி நேரம் கழித்தே காப்பி அருந்த வேண்டும்.

மாத்திரையை இரவு உணவுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கும்படி அத்தாயிடம் சொன்னேன். எலுமிச்சை இரும்பைச் சேர்த்துக்கொள்ளத் துணை செய்யும். மருத்துவரிடமும் ஒரு சொல் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். மாத்திரையின் நேரத்தை அவர் அன்றே மாற்றிக்கொண்டார். காலை உணவின் நேரத்தை அவர் ஒருவரால் மட்டும் மாற்ற இயலாது. அதைக் குறித்து அவர் கணவரிடம், சென்ற ஞாயிறு திருப்பலிக்குப் பின், கோவில் வேப்பமரத்தடியில் நின்று பேசினேன். "அவ இவ்வளவு நேரம் சாப்பிடாம இருக்கான்னு எனக்குத் தெரியாது சாமி" என்றார்.